தீவன மூட்டையில் என் முகம்

ஆடி 18, ஞாயிறு

இந்த டைரி பரணி கொடுத்தது. வருஷம் பாதி போன பிறகு கொடுத்திருக்கிறான், முன்பக்கமெல்லாம் வெறுமையாகக் கிடக்கிறது. குட்டைக்கு என்ன தீவனம் போட்டேன், மீன் எப்படித் தின்றது, இதை மட்டும் எழுதினால் போதும் என்றான். முதல் பக்கத்தில் நல்ல சேதி இருக்க வேண்டாமா? அதனால் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன்.

மூத்த பேரன் பரணிதரன், என் மகன் வீட்டுப் பிள்ளை. மீன்வளப் படிப்பில் இரண்டு பட்டம். கழுத்தில் மெடலோடு நிற்கிற படம் கூடத்தில் சாமி படத்துக்கு அடுத்து மாட்டியிருக்கிறது. அவன் தம்பி கார்முகிலனுக்கு ஓசூரில் வேலை. முதல் வருஷமே எனக்குக் காது மிஷின் வாங்கி அனுப்பினான். எனக்குக் காது நன்றாகவே கேட்கும், இருந்தாலும் கல்யாண வீடுகளுக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். மகள் வயிற்றுப் பேத்தி தேன்மொழி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல். இப்போது என்னோடு இருந்து அறந்தாங்கியில் காலேஜ் படிக்கிறாள், கபடியில் கப்பும் வாங்கியிருக்கிறாள். பரணியின் மகள் மகிழினிக்கு ஒன்றரை வயது. நிலாவைப் பார்த்து 'வா' என்கிறாள். மற்றப் பிள்ளைகள் இந்த வயதில் இப்படிச் சொல்லுமா, எனக்குத் தெரியவில்லை.

நான் அரியநாச்சி, ஐந்தாம் வகுப்பு. இத்தனை பேருக்கும் வேர் நான்தான் என்றால் தலைக்கனம் என்பார்கள். என்றுவிட்டுப் போகட்டும்.

இன்று பெருக்கு. எங்கள் மகளிர் குழுவின் குட்டைகள் எல்லாவற்றிலும் மீன்குஞ்சு விட்டோம். கட்லா, ரோகு, மிருகால். குஞ்சு வந்த பையை அப்படியே தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டுப் பிறகுதான் அவிழ்த்தோம், அது பரணி சொல்லிக் கொடுத்தது. பிறகு கரையில் உட்கார்ந்து எல்லோருக்கும் விளக்கினான்.

"நுணாப் பழச் சாறை எடுத்துத் தீவனத்துல கலக்குறோம். மீனுக்கு நோவு அண்டாது. இங்கிலீஷ் மருந்தே வேண்டாம். காலேஜுல தொட்டியில வச்சுப் பாத்துட்டேன்."

எங்கள் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளுக்கு வாய் சும்மா இராது. "ஏன் தம்பி, அந்த நாத்தம் புடிச்ச பழத்தையா? காக்காகூட யோசிச்சுத்தான் திங்கும்."

"காக்காவுக்குப் பட்டம் இல்ல சின்னப்பத்தா" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

சின்ன வயதில் மாந்தம் வந்தபோது இவனுக்கு நுணா இலைக் கஷாயம் கொடுத்தவள் நான். "அங்கேருந்துதான் இந்த யோசனையே வந்துச்சு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, குட்டையைப் பார்த்தேன்.

ஆவணி 4, புதன்

நுணாப் பழம் பொறுக்கினோம். கண்மாய்க் கரை, சுடுகாட்டுப் பாதை, ரோட்டோரம், இந்த ஊரில் நுணா இல்லாத இடம் எது? கை கறுத்துப்போனது. சோறு பிசையும்போது அந்த வாடை அடிக்கிறது என்று தேன்மொழி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

சாக்கு வாயை நானே தைத்தேன், சிவப்பு நூலில், என் பழைய சேலைக் கரையிலிருந்து உருவியது. நம் ஊர்ச் சாக்கு மற்ற ஊர்ச் சாக்கோடு கலந்துவிடக்கூடாது பாருங்கள். பரணியின் மினி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

தீவனம்: தவிடும் கடலைப் பிண்ணாக்கும். பரணியின் தீவனம் இனிமேல்தான் வரும்.

ஆவணி 20, வெள்ளி

வந்துவிட்டது. மூட்டை மூட்டையாக. ஒவ்வொரு மூட்டையிலும் என் முகம்!

பெருக்கன்று கரையில் நிற்கும்போது அவன் எடுத்த படம். பச்சைச் சேலை, நெற்றி நிறைய விபூதி, பல் தெரியச் சிரிக்கிறேன். மேலே 'அப்பத்தா நுணா தீவனம்' என்று பெரிய எழுத்து. கீழே ஒரு நுணாக் கிளை வரைந்திருக்கிறது, இலை கொஞ்சம் கொய்யா இலை மாதிரி இருக்கிறது, போகட்டும். இதே படத்தைப் போனிலும் போட்டிருக்கிறானாம். ஆயிரக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள், சிங்கப்பூரிலிருந்துகூட எழுதுகிறார்கள் என்று தேன்மொழி வாசித்துக் காட்டினாள். ஒருத்தர் 'இந்தத் தாயின் சிரிப்பைப் பார்த்தே வாங்கலாம்' என்று எழுதியிருந்தார். அதை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

குழுவில் சிலர் தயங்கினார்கள், பழைய தீவனமே போதும் என்றார்கள். "என் மூஞ்சி போட்டிருக்கு. நான் பொறுப்பு" என்றேன். அதற்குமேல் யாரும் பேசவில்லை. குஞ்சம்மாள் மட்டும், "உம் மூஞ்சிய நம்பித்தான் மீன் வளக்கணும்னா மீனு பயந்துல்ல போகும் அக்கா" என்று சொல்லிக்கொண்டே முதல் மூட்டையை அவள்தான் தூக்கினாள்.

பையில் ஓட்டை போட்டு, தீவனத்தை நிரப்பி, மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிட்டேன். மீன் வந்து முட்டி முட்டித் தின்கிறது. நுணா வாடை தெரியவில்லை. மாத்திரை அட்டையைப் பிரிக்கும்போது ஒரு வாடை வருமே, அந்த மாதிரி லேசாக இருக்கிறது. மிஷினில் அரைக்கும்போது பழ வாடை போய்விடும் போலிருக்கிறது. பரணி கையுறை போட்டுத்தான் தொடுகிறான். படித்த பிள்ளை, சுத்தம் பார்ப்பான்.

புரட்டாசி 6, திங்கள்

சின்ன வலை போட்டு மீன் எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்த்தோம். பரணி வந்திருந்தான், சந்தோஷப்பட்டான். வலையில் செதில் போன இரண்டை மறுபடி விட மனசில்லாமல் குழம்பு வைத்தேன். முதல் வலை என்றால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை இருக்கிறது, இது அதில் சேராது, சும்மா பார்ப்பதற்குப் போட்டது.

பரணி ரசம் ஊற்றிச் சாப்பிட்டான். "புரட்டாசி அப்பத்தா" என்றான். நல்ல பழக்கம். இவன் தாத்தாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இருந்ததில்லை.

புரட்டாசி 25, சனி

தீவனம் போட்டேன். தின்றது.

ஐப்பசி 3, திங்கள், தீபாவளி

பரணியும் அவன் மனைவி சுடர்விழியும் மகிழினியும் வந்தார்கள். எனக்குப் புதுச் சேலை, அதுவும் பச்சைதான். "மூட்டையில இருக்கிற மாதிரியே இருக்கணும் அப்பத்தா, அடுத்த படத்துக்கு" என்றான்.

மத்தியானக் கறிக்கு என்று கோட்டைப்பட்டினத்திலிருந்து கடல் மீன் வாங்கி வந்துவிட்டான், ஐஸ் பெட்டியோடு. வீட்டுக்குப் பின்னால் குட்டை நிறைய மீன் துள்ளுகிறது, இவன் பஸ் போகிற தூரம் போய் வாங்கி வருகிறான்! கேட்டதற்கு, "சுடருக்குக் கடல் மீன்தான் புடிக்கும்" என்றான். போன வருஷம் வரைக்கும் அவள் என் ரோகு வறுவலுக்காகத்தான் வருவாள். பிள்ளை பெற்ற பிறகு நாக்கு மாறும், எனக்கும் மாறியது.

குழந்தை முள் எடுத்த சங்கராவை நன்றாகத் தின்றது. இன்னும் இன்னும் என்று வாயைத் திறந்தது.

ஐப்பசி 19, புதன்

விடாத மழை. ராவுத்தர் தோட்டத்துக் குட்டையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து மிதக்கிறது. உடம்பெல்லாம் சிவப்பு சிவப்பாகப் புண். நம் குழுக் குட்டைகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. நுணா காப்பாற்றிவிட்டது. ஊர் முழுக்கச் சொன்னேன். ராவுத்தர் மகனும் வந்து, "ஆத்தா, அந்தத் தீவனத்த எனக்கும் சொல்லிவிடுங்க" என்றார். பரணிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.

மழைக்காலத்துக்கென்று பரணி வேறு மூட்டை அனுப்பியிருக்கிறான். வெள்ளைச் சாக்கு, எழுத்தும் இல்லை, என் முகமும் இல்லை. "இதுல மட்டும் யாரும் படம் கிடம் எடுக்க வேண்டாம் அப்பத்தா, கலந்து போட்டுட்டு சாக்க எரிச்சுடு" என்றான். அச்சடிக்க நேரம் இருந்திருக்காது. போட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னான். என் மேல் அவ்வளவு அக்கறை.

கார்த்திகை 8, திங்கள்

பரணியின் தீவனக் கொட்டகையைப் பார்க்கப் போனேன். பெரிய மிஷின், கூரை உயரத்துக்கு மூட்டை அடுக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் சிரிக்கிறேன். அங்கே வேலை செய்கிறவர்கள் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள். ஒரு பெண், "மூட்டைப் பாட்டிதானே நீங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றுக்குப் போகலாம் என்று கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே நிலம் முழுக்க நுணாக் கன்று! நாற்றங்கால் விட்டதுபோல நெருக்கமாக, மழையில் கொழுகொழுவென்று. பார்க்க அழகாக இருந்தது. சாறு பிழிந்த சக்கையைக் கொட்டியிருப்பார்கள், விதை முளைத்திருக்கிறது.

கன்றுகளுக்கு நடுவில் மக்கிப்போன சாக்குகள். ஒன்றின் வாயில் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. சாக்கின் கண் வழியாகவே கன்று வெளியே வந்திருக்கிறது.

பழம் அதிகமாக வந்திருக்கும். தேவைக்குப் போக மிச்சத்தைப் போட்டிருப்பார்கள்.

பரணி காப்பி வாங்கிக் கொடுத்தான். நான் கன்றைப் பற்றிக் கேட்கவில்லை. வேலை மும்முரத்தில் இருந்தான்.

மார்கழி 12, சனி

வாசல் கோலம். தீவனம் போட்டேன். நுணாப் பழத்தை அடுத்த வருஷமும் பொறுக்க வேண்டுமா என்று குஞ்சம்மாள் கேட்டாள். பரணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தை 1, வியாழன்

பொங்கல் வைத்தோம். காணும் பொங்கலன்று முதல் வலை. பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். ஏழாம் தேதி வியாபாரியின் வண்டி வரும், எல்லாக் குட்டைகளையும் அன்று மொத்தமாகப் பிடிப்பது என்று பேசியிருக்கிறோம்.

தை 3, சனி

எழுத வேண்டும். எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதல் வலைக்கு ஒரு முறை. முதலில் ஏறுகிற மீனை அங்கேயே கரையில் அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்து, வீட்டிலேயே மூத்தவர் முள் எடுத்து, வீட்டிலேயே சின்னப் பிள்ளையின் வாயில் முதல் வாய் ஊட்ட வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள். என் மாமியார் செய்தார்கள். பரணிக்கு முதல் வாய் ஊட்டியது நான். இந்தக் கரையில்தான்.

கட்லா நல்ல கனம், வலையை இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். குழுப் பெண்கள் எல்லோரும் பிள்ளை குட்டிகளோடு வந்திருந்தார்கள். தேன்மொழி தேங்காய் அரைத்துக் கொண்டு வந்தாள். புளி கொதிக்கிற வாசனையில் ஊரே கரையில் நின்றது. பரணி படம் எடுத்துக்கொண்டே இருந்தான். என்னை எடுத்தான், மீனை எடுத்தான், மூட்டையை என் பக்கத்தில் நிறுத்தி எடுத்தான்.

குழம்பு இறங்கியதும் பந்தி போட்டோம். பிள்ளைகள் பொறுக்குமா! குஞ்சம்மாள் பேரன் முதல் வாய்க்குக்கூடக் காத்திராமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டான். "அடேய், பொறுடா, பெரிய வீட்டுப் புள்ள தின்னட்டும்" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லோரும் சிரித்தோம்.

நான் மகிழினியை மடியில் வைத்துக்கொண்டேன். வயிற்றுப் பக்கத்துத் துண்டு, முள்ளே இல்லாதது. ஊதி ஆற்றினேன். குழந்தை வாயைத் திறந்துவிட்டது.

பரணி என் கையைத் தட்டிவிட்டான்.

மீன் மண்ணில் விழுந்தது. குழந்தை பயந்து அழுதது. சுடர்விழி ஓடி வந்து என் மடியிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு, அதன் உதட்டைத் தன் முந்தானையால் துடைத்தாள். உதட்டில் ஒன்றுமே படவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவளுக்கு வேண்டாம் அப்பத்தா" என்றான் பரணி.

"ஏம்ப்பா?"

"வேண்டாம்."

"பாப்பாவுக்கு மீன் அலர்ஜி" என்றாள் சுடர்விழி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு அந்தக் குழந்தை சங்கராவை எப்படித் தின்றது என்று நான்தானே பார்த்தேன்.

குஞ்சம்மாள் எழுந்தாள். தன் பேரன் வாயில் விரலை விட்டு, மென்றுகொண்டிருந்ததைத் தோண்டி எடுத்துக் கீழே போட்டாள். பிறகு பரணியிடம் வந்து நின்றாள்.

"உம் புள்ளைக்கு ஆகாதது எம் புள்ளைக்கு மட்டும் ஆகுமா தம்பி?"

அவன் திரும்பி மூட்டையை ஓரமாக நகர்த்தினான். பட்டம் வாங்கிய பிள்ளை, மேடையில் இங்கிலீஷில் பேசிய பிள்ளை.

குஞ்சம்மாள் என் பக்கம் திரும்பினாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். நான் மண்ணில் விழுந்த துண்டைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

தை 4, ஞாயிறு

மோட்டார்க் கொட்டகையில் வைத்துக் கேட்டேன். சொன்னான். முதலில் சுற்றி வளைத்தான். அப்புறம் சொன்னான்.

தொட்டியில் நுணாச் சாறு வேலை செய்தது நிஜமாம். கொஞ்சம் மீன், கொஞ்சம் தீவனம் என்கிற வரைக்கும். கொட்டகை போட்டு மூட்டைக் கணக்கில் செய்யும்போது சாறு புளித்துப் போகிறது, தீவனம் பூசணம் பிடிக்கிறது. அதற்குள் என் படத்தைப் பார்த்துவிட்டு எல்லா ஊரிலிருந்தும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் மருந்து கலந்தானாம். மீனுக்குக் கொடுக்கக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட மருந்து.

"கொஞ்சந்தான் அப்பத்தா. நெறையப் பேரு போடுறாங்க."

"மழைக்கு அனுப்புனியே, வெள்ளைச் சாக்கு?"

"அதுல கொஞ்சம் கூட."

"நாங்க பொறுக்குன பழம்?"

கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"கொட்டகைக்குப் பின்னால மொளைச்சு நிக்குதே, அதுதானா?"

தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு சாக்கையாவது அவுத்தியாடா?"

"முதல் லோடுல ரெண்டு சாக்கு அவுத்தோம்" என்றான். அதைப் பெருமையாகச் சொன்னதுபோல இருந்தது. என் காதில்தான் அப்படி விழுந்ததோ என்னவோ. காது மிஷின் போட்டிருக்கவில்லை.

நான் கடைசியாக ஒன்று கேட்டேன். "எம் மூஞ்சிய மூட்டையில போடும்போது இந்த மருந்து விஷயம் உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

மோட்டார் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தான். "உன் மூஞ்சி இருந்தாத்தான் அப்பத்தா நம்புவாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சுகிற மாதிரி சொன்னான். சின்ன வயதில் பலகாரம் கேட்கிற குரல்.

நான் தீவனம் போட்ட கையோடு அந்த மீனைத் தின்றேன். தேன்மொழியும் தின்றாள். புரட்டாசியில் இவன் ரசம் ஊற்றிக்கொண்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தான். "இன்னும் ஒரு துண்டு வச்சுக்க தேனு" என்று நான் சொன்னபோது கூடவே இருந்தான்.

கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனான்: "குழுவுல பாப்பாவுக்கு அலர்ஜின்னே சொல்லிடு. தீவனத்த நிறுத்திட்டா கொஞ்ச நாள்ல மீன்ல இருந்து மருந்து எறங்கிடும். ஆனா ஏழாந்தேதி வண்டி வரட்டும், தடுக்காத. யாருக்கும் தெரியாது. நீ சொன்னா நம்புவாங்க அப்பத்தா."

சுடர்விழி காரை விட்டு இறங்கவில்லை. மகிழினி கண்ணாடி வழியாகக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

தை 5, திங்கள்

துணி துவைத்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். தீவனம் போடவில்லை.

குஞ்சம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

தை 6, செவ்வாய்

காலையில் தூறல். தை மாதத்தில் என்ன மழையோ. குஞ்சம்மாள் பேரன் பள்ளிக்கூடம் போனான், எங்கள் மூட்டைச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு. என் முகம் அவன் முதுகில். நடக்க நடக்க நான் மடங்கி மடங்கிச் சிரித்துக்கொண்டே போனேன்.

அவன் கையில் தூக்குச்சட்டி. சாப்பாட்டுக்கு அம்மா மீன் வறுத்து வைத்திருப்பாளோ என்று எனக்குத் திக்கென்றது. "டேய், சட்டிக்குள்ள என்னடா?" என்று கத்தினேன். "புளிச்சோறு ஆத்தா" என்றான். மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, பார்த்த பிறகுதான் விட்டேன். பிள்ளை பயந்துபோய் ஓடினான்.

'நான் பொறுப்பு' என்று சொன்னேன் அல்லவா. அந்த வார்த்தைக்குப் பிறகுதான் எல்லோரும் மூட்டையைத் தூக்கினார்கள். பரணி பேச்சைக் கேட்டு அல்ல. அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் என்னைத் தேர்ந்தெடுத்தான்.

மத்தியானம் ரேஷன் கடைக்குப் பின்னால் குழுவைக் கூட்டச் சொன்னேன். எல்லோரும் வந்தார்கள், குஞ்சம்மாள் கடைசியாக வந்து தள்ளி நின்றாள். அலர்ஜி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் பேரனின் மெடலும் சாமி படத்துக்கு அடுத்தே இருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தீவனத்துல நுணா இல்ல. மருந்து இருக்கு. மீன யாரும் திங்காதீங்க, விக்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

திட்டினார்கள். திட்டத்தான் செய்வார்கள். ஆறு மாதமாகக் குட்டையைக் கட்டிக் காத்தவர்கள். "உங்க வீட்டுப் புள்ளைய மட்டும் தட்டிவிட்டுக் காப்பாத்திக்கிட்டீங்க" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். இன்னொருத்தி, "எம் மருமக மாசமா இருக்கா, அப்பப்பச் சின்ன வலையில வந்தத அவ தின்னுருக்காளே" என்று உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு என்ன சொல்வது? நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழுந்து போய்விட்டாள்.

குஞ்சம்மாள் மட்டும் திட்டவில்லை. "எப்பத் தெரியும் உனக்கு?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை."

"இன்னைக்கு செவ்வா" என்றாள். போய்விட்டாள்.

தை 7, புதன்

வியாபாரியின் வண்டி வந்தது. நான் பாதையில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தேன். "என்ன பெரியம்மா, வழியில?" என்றார் டிரைவர். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "யாரு பெரியம்மா இதெல்லாம் பாக்குறா, ஏத்திவிடுங்க" என்றார். கட்டில் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கட்டில் வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தது. குஞ்சம்மாளுடையது. என்னோடு பேசவில்லை. வண்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வண்டி பின்னாலேயே போய்த் திரும்பியது.

தை 9, வெள்ளி

தேன்மொழி மீன்வள ஆபீஸுக்குப் போன் செய்தாள். வந்து ஐஸ் பெட்டியில் மீன் எடுத்துக்கொண்டு போனார்கள். தின்றவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் என்றார்கள். அந்த மருமகளைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். நான் மாரியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்திருக்கிறேன்.

என் மகன் போன் செய்தான். "சொந்தப் பேரனை இப்படிப் பண்ணலாமா அம்மா?" என்றான். அவனை வளர்த்ததும் நான்தான். போனை வைத்துவிட்டேன்.

தவிடு போட்டேன். மீன் வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. பழக வேண்டும்.

தை 10, சனி

கூடத்தில் பரணியின் படத்தைக் கழற்றினேன். துடைத்து மறுபடி மாட்டினேன், சாமி படத்துக்கு அடுத்து இல்லை, கதவுக்குப் பின்னால்.

தை 11, ஞாயிறு

ராவுத்தர் மகன் வந்தார். போனில் இன்னும் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேனாம். நேற்றுகூடச் சேலம் பக்கமிருந்து ஒருத்தர் 'அப்பத்தா தீவனம் எங்கே கிடைக்கும்' என்று கேட்டு எழுதியிருக்கிறார். எங்கேயோ ஒரு கரையில், யாரோ ஒருத்தி, என் பல்லைப் பார்த்து மூட்டையை அவிழ்க்கிறாள். அவள் வீட்டிலும் சின்னப் பிள்ளை இருக்கும்.

தேன்மொழியைக் கூப்பிட்டேன். "வா, ஒரு படம் எடு."

அதே இடம், அதே கரை. பச்சைச் சேலை கட்டவில்லை, தீபாவளிச் சேலையைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. வீட்டில் கட்டுகிற கைத்தறிதான். தீவன மூட்டை ஒன்றை உட்புறம் வெளியே வரத் திருப்பினேன். அச்சு எல்லாம் உள்ளே போய்விட்டது, வெறும் வெள்ளை. அதன்மேல் அடுப்புக் கரியால் நானே எழுதினேன், ஐந்தாம் வகுப்பு எழுத்து, கொஞ்சம் கோணல்: 'இதில் நுணா இல்லை. மருந்து இருக்கிறது. வாங்காதீர்கள். அரியநாச்சி.'

அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மாச்சி, கொஞ்சம் சிரிங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சொன்னதும் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. குஞ்சம்மாள் அவள் வீட்டு வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்றேன், வரவில்லை. படத்தைப் பார்த்தபோது ஓரத்தில் அவள் நிழல் மட்டும் விழுந்திருக்கிறது, என் காலுக்குப் பக்கத்தில்.

"நானே போட்டுறவா அம்மாச்சி?" என்று தேன்மொழி கேட்டாள்.

வேண்டாம் என்றேன். முதல் படத்தைப் போட்டவன் எவனோ, அவன் கையாலேயே இதையும் போடட்டும். நாளைப் பொழுது சாயும் வரை பொறுப்போம், போடவில்லை என்றால் நீ போடு என்றேன். படம் அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். பார்த்துவிட்டான் என்பதற்குக் குறி விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

பரணி, இந்த டைரி நீ கொடுத்தது, ஒருநாள் உன் கைக்குத்தான் வரும். உனக்கு முதல் வாய் ஊட்டிய கையால் எழுதுகிறேன். உன் மெடலையோ கொட்டகையையோ நான் கேட்கவில்லை. என் முகத்தை எடுத்தாய், அதைத் திருப்பிக் கொடு. பழைய படத்தை எடுத்துவிட்டு, அது இருந்த அதே இடத்தில், அதைப் பார்த்த அத்தனை பேரும் பார்க்கிற மாதிரி, இந்தப் புதுப் படத்தைப் போடு.